நீர்க்காகத்தின் கால் கழன்றால்: மிதவை பூட்டிய ஹரிகேன் மொடலின் கோளாறுகள், அறிகுறி வாரியாக

"அண்ணை, கால் கழண்டு போச்சு."

எங்கள் வீட்டு விறாந்தைக்கு வரும் மொடல்களில் அரைவாசிக்கு மேல் இந்த வசனத்தோடுதான் வரும். ஒரு சப்பாத்துப் பெட்டி, உள்ளே பஞ்சு, பஞ்சுக்கு மேலே மல்லாந்து கிடக்கும் ஒரு விமானம், பக்கத்தில் தனியாக ஒரு மிதவை. திருகோணமலை உவர்மலைப் பக்கத்துத் தம்பிமாரும் நானும் சில வருடங்களாக ஒரே கற்பனை விமானத்தைத்தான் திரும்பத் திரும்பக் கட்டுகிறோம். ஹரிகேன் என்ற பிரித்தானியச் சண்டை விமானத்தின் 1/72 அளவு கிட் (துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் மொடல்) ஒன்றின் சக்கரங்களை எடுத்துவிட்டு, ஸ்வோர்ட்ஃபிஷ் என்ற கடற்படை விமானக் கிட்டின் மிதவைகளைப் பூட்டினால் வருவது அது. மிதவையை விமானத்தோடு இணைக்கும் தண்டுகளைத்தான் கால் என்கிறோம். பெயர் நீர்க்காகம்.

அப்படி ஒரு விமானம் ஒருபோதும் இருந்ததில்லை. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருமலைக்கு மேலே வந்தபோது சீனன்குடாவிலிருந்து எழும்பிச் சண்டை பிடித்தவை 261ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிகேன்கள். அதே நாள் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், ஒரு விமானமும் ஏற்றாமல் போய், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. ஓடுபாதையில் குண்டு விழுந்தாலும் உட்துறைமுகத்துத் தண்ணீரிலிருந்து எழும்பக்கூடிய ஒரு ஹரிகேன் அன்றைக்கு இருந்திருந்தால்? எங்கள் கதை அவ்வளவுதான். ஒரேயடியாகப் புளுகும் இல்லை. 1940இல் நோர்வேப் போருக்காக, பிளாக்பேர்ன் ரொக் விமானத்தின் மிதவைகளை ஹரிகேனுக்குப் பூட்டும் திட்டம் இருந்தது. நோர்வே கைவிட்டுப் போனதோடு அதுவும் போயிற்று.

இனிக் கோளாறுகள். ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன், செலவு வரவரக் கீழே இறங்கும். மேலே உள்ளதைச் செய்து பார்க்காமல் கீழே போக வேண்டாம். பிழை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உண்டாவது குறைவு. அநேகமாக அதற்கு முந்திய வேலையில் உண்டாகியிருக்கும்.

## மிதவைக் கால் கழன்று விழுகிறது

உடனே கம்மை எடுக்காதீர்கள். கழன்ற இரண்டு முகங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அதற்கு மேலே புதுக் கம் போட்டுவிட்டால் காரணம் மறைந்து போகும், அடுத்த கிழமை திரும்பவும் சப்பாத்துப் பெட்டிதான்.

கழன்ற முகத்தில் பெயின்ட் தெரிகிறதா? அப்படியானால் நீங்கள் ஒட்டியது பெயின்டைப் பெயின்டோடு. கத்தி நுனியால் வெறும் பிளாஸ்டிக் தெரியும்வரை சுரண்டி ஒட்டுங்கள். இங்கே வருவதில் அதிகமானவை இந்த வகை. இறக்கைக்கு அடியில் வெளிர் நிறம் அடித்து முடித்த பிறகு கால் பூட்டுவது வசதி என்பதால் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். கால் வரும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு அடித்தால் இந்தச் சுரண்டல் இல்லை.

முகம் கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா? சூப்பர் குளு பிடிப்பதற்கு அங்கே சொரசொரப்பு இல்லை. ரெசினில் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசினில்) வார்த்த கால் என்றால் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் படலமும் இருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, 400 இலக்க சாண்ட் பேப்பரால் நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். ரெசின் தூள் நெஞ்சுக்குக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

மொடல் கம்தான் போட்டீர்களா? அது பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கும். ரெசினையும் பித்தளையையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பாகம் ரெசினா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால், மறைவான மூலையில் ஒரு துளி மொடல் கம் வைத்து ஒரு நிமிடம் கழித்து விரலால் தொடுங்கள். பிசுபிசுத்தால் பிளாஸ்டிக். ரெசின் என்றால் சூப்பர் குளு அல்லது இரண்டு டியூப் எபொக்சி.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் விழுகிறதா? சூப்பர் குளு நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டு அடிக்குப் பிஸ்கட் மாதிரி முறியும். இதற்குக் கம்பிதான் மருந்து. நாலு முனைக்கும் நாலு கம்பி.

கம்பி வைப்பதில்தான் தம்பிமார் பயப்படுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். அரை மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி, அதைவிட ஒரு நூல் பெரிதான துளை ஊசி, விரலால் உருட்டும் சின்னக் கைத்துறப்பணம். முதலில் காலின் முனையில் துளைத்துக் கம்பியை ஒட்டுங்கள். இறக்கைக்கு அடியில் அதற்கு நேர் எங்கே என்று அளந்து கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டாம், தவறும். கம்பியின் நுனியில் ஈரப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, காலை அதன் இடத்தில் பிடித்து இறக்கையில் மெல்ல ஒற்றி எடுங்கள். பொட்டு விழுந்த இடம்தான் துளை. துளை ஊசியில் நுனியிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் விட்டு ஒரு துண்டு டேப்பைக் கொடி மாதிரிச் சுற்றுங்கள். கொடி இறக்கையைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். நான் முதன்முதல் செய்தபோது கொடி கட்டவில்லை. ஊசி மேற்பக்கத்தால் வந்து, காய்ந்த பெயின்டுக்கு நடுவில் எட்டிப் பார்த்தது.

இறக்கை இன்னும் மூடாமல் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கால் வரும் இடத்துக்கு நேரே உள்பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் பிளாஸ்டிக் தகட்டை ஒட்டிவிட்டு மூடுங்கள். கம்பிக்குக் கடிக்க இறைச்சி கிடைக்கும்.

கம்பியும் வைத்து, கால் கழலாமல் தானாக வளைகிறதா? மெல்லிய ரெசின் கால்கள் பங்குனி சித்திரை வெக்கையில் மெதுவாகச் சாயும். ஒரு முறை சாய்ந்ததைச் சுடுதண்ணீரில் நனைத்து நிமிர்த்தலாம். இரண்டாம் முறையும் சாய்ந்தால் நிமிர்த்துவதில் பிரயோசனம் இல்லை. பித்தளைக் குழாயில் புதுக் கால்கள் வேண்டும், அவற்றைக் கம்மால் ஒட்டாமல் பற்றவைக்க வேண்டும்.

எப்போது ஆளிடம் கொடுப்பது: இந்த இடத்தில்தான். மண்ணெண்ணெய் அடுப்பில் காய்ச்சிய இரும்பால் பித்தளையைப் பற்றவைக்க ஒருவர் முயன்ற கதை என்னிடம் உண்டு, சொன்னால் அவர் கோபிப்பார். நகை செய்யும் ஒருவரிடம் கொண்டு போங்கள். காப்புக்குக் கொளுக்கி வைக்கிற கைக்கு இது விளையாட்டு வேலை. வாயால் விளக்க வேண்டாம். நாலு கால்களையும் குறுக்குத் தண்டுகளையும் உண்மை அளவில் கடதாசியில் கீறி, அதன்மேல் வைத்தே பற்றவைக்கச் சொல்லுங்கள். விமானத்தைக் கூடவே கொண்டு போகாதீர்கள். பட்டறை ஊதுவிளக்குக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்குக்கு வேலை இல்லை.

## நிற்கிறது, ஆனால் சாய்ந்து நிற்கிறது

முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மேசையில் படுக்க வைத்து அதன்மேல் மொடலை நிறுத்துங்கள். மேசையை நம்ப வேண்டாம். எங்கள் விறாந்தை மேசையே ஒரு பக்கம் இறக்கம்.

இரண்டு இறக்கை நுனிகளும் கண்ணாடியிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளவுகோலை நிமிர்த்தி வைத்து அளவுங்கள். அப்புறம் வால் இறக்கையின் இரண்டு நுனிகளையும் அளவுங்கள்.

இறக்கையும் வாலும் ஒரே பக்கம் சாய்ந்தால் பிழை கால்களில். ஒரு மிதவையின் கால்கள் நீளம் கூட. அரைக்க வேண்டியது மில்லிமீற்றரில் கால்பங்கு, அரைப்பங்குதான். ஒவ்வொரு முறையும் அளந்து அளந்து அரையுங்கள். ஒரேயடியாக அரைத்தவர்கள் பிறகு மற்றப் பக்கத்தை அரைத்து, திரும்ப இந்தப் பக்கத்தை அரைத்து, கடைசியில் காலில்லாத நீர்க்காகம் கட்டியிருக்கிறார்கள்.

வால் மட்டமாக இருந்து இறக்கை மட்டும் சாய்ந்தால் கால்களைத் தொடாதீர்கள். இறக்கை உடலோடு சேரும் பொருத்தில்தான் கோணல். அங்கே கம்மை மெல்ல வெட்டித் திறந்து, மேலே எழ வேண்டிய பக்கத்தில் ஒரு துண்டு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, டேப்பால் இழுத்துக் கட்டி ஒரு இரவு விடுங்கள்.

இரண்டும் மட்டம், ஆனால் மிதவைகள் ஒன்றையொன்று பார்க்கின்றன அல்லது முறைத்துக்கொண்டு விலகுகின்றன என்றால், தாங்குசட்டம் இல்லாமல் கையால் பிடித்து ஒட்டியிருக்கிறீர்கள். ரெஜிபோம் பலகை ஒன்றில் நடுக்கோடு கீறி, மிதவைகளின் அடி உட்காரும்படி இரண்டு பள்ளம் வெட்டுங்கள். இறக்கையைத் தாங்க இரண்டு தீப்பெட்டி அடுக்கு. ஐந்து நிமிட எபொக்சி இந்த வேலைக்கு உதவாது, நாலாவது காலைச் சரிபார்ப்பதற்குள் முதலாவது இறுகிவிடும். மெதுவாக இறுகும் எபொக்சியை வாங்கி, ஒட்டி, சரிபார்த்து, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அறையைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். ஒன்று மட்டும் கவனம்: மொடல் கம் ரெஜிபோமைத் தின்னும்.

மிதவையே வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தால், அது கிட்டை மூடிய வாகனத்தில் வெயிலில் வைத்ததன் பலன். ரெசின் மிதவை என்றால் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து, நிமிர்த்தி, குளிர்ந்த தண்ணீரில் பிடியுங்கள். பிளாஸ்டிக் மிதவை இதற்கு அவ்வளவாக இணங்காது. அதை நீளவாக்கில் வெட்டித் திறந்து மறுபடி ஒட்டுவதைவிட இன்னொரு பழைய கிட் தேடுவது சுகம்.

## கோளாறு ஒன்றும் இல்லை, ஆனால் "இது எழும்பாது" என்று தோன்றுகிறது

கற்பனை விமானத்துக்குத்தான் இந்த நோய். நிஜ விமானம் என்றால் படத்தைக் காட்டி வாயடைக்கலாம். இதற்குப் படம் இல்லை, பார்ப்பவரின் கண்தான் நீதிபதி.

மிதவையின் அடியில் ஒரு படி இருக்கும், முன்பாதி முடிந்து சட்டென்று மேலேறும் இடம். நிஜ மிதவை விமானங்களில் அந்தப் படி, விமானத்தின் பாரம் நடுவாகும் புள்ளிக்குச் சற்றுப் பின்னே வரும். ஹரிகேனில் அந்தப் புள்ளியை, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பின்னே என்று வைத்துக்கொள்ளுங்கள். படி அதற்கு முன்னால் இருந்தால் வால் பாரமாகத் தெரியும், மிகவும் பின்னால் போனால் மூக்குக் குத்தும். கால் ஒட்டுவதற்கு முன் நீலக் களிமண்ணால் தற்காலிகமாகப் பிடித்து, ஒரு அடி தள்ளி நின்று பாருங்கள்.

விசிறி மிதவையில் இடிக்கிறதா என்பது அடுத்தது. விசிறி விட்டம் 1/72இல் 47 மில்லிமீற்றரை ஒட்டி வரும். அந்த அளவில் கடதாசி வட்டம் ஒன்று வெட்டி மூக்கில் செருகிச் சுற்றிப் பாருங்கள். மிதவையின் மேற்பரப்புக்கும் வட்டத்துக்கும் இடையில் குறைந்தது நாலு மில்லிமீற்றர் வேண்டும். இல்லையென்றால் கால்களை நீட்டத்தான் வேண்டும்.

இரண்டும் சரியாகியும் மனம் ஒப்பவில்லையா? வாலுக்கு அடியில் பாருங்கள். மூக்குப் பக்கம் அவ்வளவு பெரிய மிதவைகள் வந்தால் வால் ஆளத் திணறும். மிதவை பூட்டிய ஸ்பிட்ஃபயரிலும் ரொக்கிலும் வாலுக்கு அடியில் மேலதிகமாக ஒரு செட்டை வைத்தார்கள். தகட்டில் ஒன்று வெட்டி ஒட்டுங்கள், மீனுக்கு அடிச்செட்டை வந்த மாதிரி உடனே பொருந்தும். பத்து நிமிட வேலை, ஒரு சதம் செலவில்லை. என் கணிப்பில் இந்த மொடலுக்கு உயிர் கொடுப்பதே அந்தத் துண்டுத் தகடுதான்.

இதற்கு எந்த ஆளும் தேவையில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த வயதானவர் யாரும் பக்கத்தில் இருந்தால் ஒருமுறை காட்டுங்கள். "இதை எப்பிடித் தம்பி கரைக்கு இழுக்கிறது?" என்று எங்களிடம் ஒருவர் கேட்ட பிறகுதான் நீர்க்காகத்துக்குத் தள்ளுவண்டி கட்ட ஆரம்பித்தோம்.

## அடைத்த சக்கரக் குழி திரும்பத் தெரிகிறது

ஹரிகேனின் அடியில் இரண்டு சக்கரக் குழிகளும் சேர்ந்து ஒரு பெரிய வாய். அதை மூடாமல் மிதவை விமானம் இல்லை. மூடி, தேய்த்து, பெயின்ட் அடித்து, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் குழியின் ஓரம் நிழல் மாதிரிக் கிளம்பியிருக்கும்.

நகத்தால் வருடுங்கள். நகம் இடறாவிட்டால் அது பெயின்ட் நிறத்தின் வேறுபாடு. இன்னொரு கை அடித்தால் போகும். நகம் இடறினால் அடைப்பு சுருங்கியிருக்கிறது. டியூபில் வரும் புட்டி, உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வெளியேறச் சுருங்கும். வாயளவு பள்ளத்தை அதனால் மட்டும் அடைத்தால் வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். பள்ளத்தின் முக்கால் பங்கைப் பிளாஸ்டிக் தகட்டால் அடையுங்கள். மிச்சக் கீறலுக்கு மட்டும் சூப்பர் குளுவும் பேபி பவுடரும் குழைத்து வையுங்கள். அது சுருங்காது. ஆனால் அன்றைக்கே, ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அது கல்லாகிவிடும், சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் தேயும்.

உடலின் இரண்டு பாதிகள் சேரும் கோடு இப்படிக் கிளம்பினால் அவசரம்தான் காரணம். ஒட்டி இரண்டு மூன்று நாள் விட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

## மிதவை உருகிக் குழைந்துவிட்டது

இதற்குத் திருத்தம் இல்லை. வேறு மிதவை தேடுங்கள். ஏன் நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

திருக்கடலூர்ப் பக்கம் வள்ளம் திருத்தும் ஒருவரிடம் ஒரு தம்பி சின்னப் போத்தலில் ஃபைபர் ரெசின் வாங்கி வந்தான். கடலில் ஓடும் வள்ளத்தையே தாங்குகிறது, இதைத் தாங்காதா என்பது அவன் கணக்கு. மிதவைக்குள்ளே ஊற்றிவிட்டு விளையாடப் போய்விட்டான். திரும்பி வந்தபோது மிதவையின் பக்கங்கள் உள்ளே குழிந்து, மேற்பரப்பு தோல் மாதிரிச் சுருங்கி, ஜன்னல் கட்டில் ஒட்டியிருந்தது. வள்ளத்துக்குப் பாவிக்கும் பொலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. கிட்டின் பிளாஸ்டிக் பொலிஸ்டைரீன். தன் இனத்தைத் தானே கரைக்கும். எபொக்சி ரெசின் அப்படிச் செய்யாது. போத்தலில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் கிட்டின் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி, ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் பாருங்கள். ஹாட்வெயார் கடைத் தின்னருக்கும், சுவருக்கும் இரும்புக் கேற்றுக்கும் அடிக்கும் ஸ்பிரே டின்னுக்கும் இதே சோதனைதான்.

## மிதவை தானாக வெடித்துப் பிளக்கிறது

யாரும் தொடவில்லை, அலுமாரிக்குள்ளேதான் இருந்தது, ஆனால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மிதவையின் பொருத்து வாய் பிளந்து நிற்கிறது. உள்ளே வெள்ளையாக மா மாதிரி ஏதோ.

பாரத்துக்காகத் தூண்டில் ஈயக்குண்டு போட்டு, வெள்ளைக் கம் ஊற்றி நிறுத்தியிருப்பீர்கள். ஈயமும் வெள்ளைக் கம்மும் சேர்ந்தால் ஈயம் மெல்ல மெல்ல வெள்ளைத் தூளாக மாறி ஊதும். அந்த ஊதலுக்குப் பிளாஸ்டிக் நிற்காது. பிளந்தது சின்னதாக இருந்தால் பொருத்தை முழுதாகத் திறந்து, தூளைத் தண்ணீரில் நனைத்து வழித்து எடுங்கள். உலர்ந்தபடி ஊதவோ துடைக்கவோ கூடாது, ஈயத்தூள் நஞ்சு. கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இரும்பு ஆணித் துண்டுகளை எபொக்சியில் பதித்து மூடுங்கள். ஏற்கனவே ஈயம் போட்டு இன்னும் பிளக்காத மொடல் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே திறந்து பார்ப்பது நல்லது.

## பெயின்டில் கோளாறு

இங்கே முதல் கேள்வி "என்ன காற்று?" என்பது. கொழும்பில் இருப்பவர்கள் எழுதும் அளவுகளை வைத்துக்கொண்டு திருமலையில் பெயின்ட் அடித்தால் அரைவாசி நாள் அழ வேண்டும்.

வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த மாதிரிப் படிகிறது. வாடைக் காலத்து நோய், ஐப்பசி தொடங்கி மாரி முடியும்வரை. காற்றில் உள்ள ஈரம் காயும் பெயின்டுக்குள் அகப்படுகிறது. தின்னர் வகைப் பெயின்டுக்கும் மினுக்கு வார்னிஷுக்கும்தான் இது அதிகம். முதல் சோதனை: ஒன்றும் செய்யாமல் காய்ந்த நாள் ஒன்றுக்காகக் காத்திருந்து, மெல்லிய ஒரு கை தின்னரை மட்டும் தூரத்திலிருந்து அடியுங்கள். பல தடவை வெள்ளை தானாகப் போய்விடும். போகாவிட்டால் அடுத்த முறை மெதுவாகக் காயவைக்கும் திரவம் சில துளி கலந்து அடியுங்கள். அடித்ததும் மட்டைப் பெட்டிக்குள் பழைய 40 வொற் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு அதற்குள் வையுங்கள். உள்ளே கைவிட்டால் இதமான சூடு, அவ்வளவு போதும். கை சுட்டால் இறக்கை வளையும்.

தொட்டால் மணல் மாதிரி இருக்கிறது. இது கச்சான் காற்று. வைகாசி ஆனியில் வரண்டு வீசும்போது, எயார்பிரஷிலிருந்து புறப்படும் துளி விமானத்துக்கு வந்து சேருமுன்னமே காய்ந்து தூளாகிறது. காற்று எழும்பாத விடிகாலையில் அடியுங்கள். எயார்பிரஷைக் கிட்டக் கொண்டுபோய் ஆறேழு சென்ரிமீற்றரில் பிடியுங்கள். தின்னரைக் கூட்டி, அமுக்கத்தைக் குறையுங்கள். இது எதுவும் செலவில்லாத வேலை. ஏற்கனவே மணலாகிப் போனதை 2000 இலக்கத் தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பு வந்துவிடும்.

மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகுகிறது. காரணம் கைச்சிக்கு, அதாவது கையிலிருந்து படியும் எண்ணெய்ப் பசை. கடலைப் பார்த்த வீடு என்றால் உப்புப் படலமும் சேரும். கழுவி, துடைத்து, அன்றைக்கே அடியுங்கள். நேற்றுக் கழுவியது கணக்கில்லை.

தோல் சுருங்கிய மாதிரிச் சுருங்குகிறது. எனாமலுக்கு மேலே தின்னர் பெயின்ட் அடித்திருக்கிறீர்கள். சுருங்கியதைச் சுரண்டி முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

பெயின்டோடு தண்ணீர்ச் சொட்டும் தெறிக்கிறது. கொம்பிரசர் குழாயில் தண்ணீர் பிடிக்கும் சிமிழ் நிறைந்திருக்கும், திறந்து ஊற்றுங்கள். சிமிழே இல்லையென்றால் வாங்குங்கள். பழைய ஃபிரிட்ஜ் மோட்டாரில் கட்டிய கொம்பிரசர் அமுக்கம் ஏறாமல் உறுமினால் நீங்கள் திறக்க வேண்டாம், ஃபிரிட்ஜ் திருத்துபவரிடம் கொடுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். 1942இல் கடற்படை விமானத்துக்கு மேலே இரண்டு நிறம்: கடுங் கடல் சாம்பல், பச்சை தட்டிய கடும் பலகைச் சாம்பல். அடியில் 'ஸ்கை' என்ற வெளிர் பச்சை. பெயரை நம்பி வான நீலம் அடித்துவிட்டு வருகிறார்கள்.

## கண்ணாடிக் கூடு மங்கிவிட்டது

சூப்பர் குளுவின் ஆவி. உள்ளே வெள்ளை படிந்திருக்கும். கழற்ற முடிந்தால் பற்பசையை மெல்லிய துணியில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள், பிறகு மினுக்கு அக்ரிலிக் வார்னிஷில் முக்கி எடுங்கள். அடுத்த முறை கண்ணாடிக்கு வெள்ளைக் கம் மட்டும். மொடல் கம் பட்டு வெடிப்பு ஓடியிருந்தால் தேய்த்துப் பயனில்லை.

அப்போது வேண்டியது புதுக் கூடு. அதற்கு ஆள் நீங்கள் நினைக்காத இடத்தில் இருக்கிறார். பல் செட் செய்யும் ஆய்வுகூடங்களில், பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி அச்சின்மேல் உறிஞ்சி இழுக்கும் சின்ன இயந்திரம் இருக்கும். பழைய கூட்டை அச்சாக்கி, எபொக்சிப் புட்டியால் உள்ளே நிரப்பிக் கெட்டியாக்கிக் கொண்டுபோய், தெளிவான ஒரு மில்லிமீற்றர்த் தாளில் இழுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று எடுத்துவிடுங்கள். வெட்டும்போது முதலாவது எப்படியும் பழுதாகும்.

## டெக்கால் சரியாக வரவில்லை

டெக்கால் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னத் தாள். சுற்றிவர வெள்ளி மாதிரி மினுங்கினால் அடியில் காற்று. மங்கல் பெயின்டுக்கு மேலே நேரடியாக ஒட்டியிருக்கிறீர்கள். முதலில் மினுக்கு வார்னிஷ், காய்ந்த பிறகு டெக்கால். ஒட்டியதைக் காப்பாற்ற, ஊசியால் பல இடத்தில் குத்தி, வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து தூரிகையால் விடுங்கள். பெரும்பாலும் படியும். படியாவிட்டால் கடையில் விற்கும் மென்மையாக்கும் திரவம்.

தண்ணீரில் போட்டதும் மை கரைந்து ஓடினால் வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் அடித்து, மேலே வார்னிஷ் போடாமல் நனைத்திருக்கிறீர்கள். மெல்லியதாக மூன்று கை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. லேசர் பிரின்ட் என்றால் மை ஓடாது.

எழுத்து வாசிக்க முடியவில்லை. எங்கள் தனிப் பிரச்சினை இது. விமானத்தின் மூக்கில் 'நீர்க்காகம்' என்று இரண்டரை மில்லிமீற்றர் உயரத்தில் அடித்தால் மூன்று புள்ளிகளும் மறைந்து 'நீரககாகம' என்று வரும். கடைசித் தம்பி கட்டியதை அவனுடைய அம்மம்மா அப்படியே உரத்து வாசித்தா. எழுத்துருவைத் தடிப்பாக்கினால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், மெலிதாக்கினால் காணாமல் போகும். எழுத்தை மட்டும் அடித்துவிட்டுப் புள்ளிகளை ஊசி நுனியில் பெயின்ட் தொட்டுக் கையால் வைப்பதுதான் எனக்குச் சரிவந்த ஒரே வழி. இன்னொரு வழி, புள்ளியே இல்லாத பெயராக வைப்பது. 'திருமலை' என்று எழுதுங்கள், ஒரு கஷ்டமும் இல்லை.

வெள்ளை எழுத்து வரவே இல்லை. வராது, சாதாரண பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. முகமூடி (எழுத்து வடிவில் துளை வெட்டிய ஒட்டுத்தாள்) வெட்டி வெள்ளை அடிக்க வேண்டும்.

வட்டச் சின்னம் தவறாகத் தெரிகிறது. சிவப்பு இல்லாத, இரண்டு நீல வட்டத்தைப் போட்டிருப்பீர்கள். ஜப்பானியச் செவ்வட்டத்தோடு குழம்பாமல் இருக்கச் சிவப்பை எடுத்தது உண்மை. ஆனால் அந்த இரண்டு நீலம் நேசநாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தின் சின்னம், அந்தப் பீடம் உண்டானது 1943இல். ஏப்ரல் 1942 நீர்க்காகத்துக்கு நடுவில் சிவப்பு இருக்கத்தான் வேண்டும்.

வட்டத்தையும் வெள்ளை எழுத்தையும் கையால் வெட்டி இரண்டு முறை பிழைத்துவிட்டதென்றால் ஓட்டோவுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைக்குப் போங்கள். சாமிப் படமும் கண்ணாடி வாசகமும் வெட்டுகிற அதே இயந்திரம் விமானத்துக்கு முகமூடியும் வெட்டும். கடுமையாக ஒட்டாத தாள் கேளுங்கள், வீட்டுக்கு வந்து அதையும் ஒருமுறை கையில் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துவிட்டுத்தான் பெயின்டின்மேல் வையுங்கள். உடலில் வரும் வட்டம் 12 மில்லிமீற்றரை ஒட்டி வரும். அளவை மில்லிமீற்றரில் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்த எனக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் வெட்டித் தந்தார்கள், அது இப்போது எங்கள் கேற்றில் இருக்கிறது.